தாதா படம் பார்க்கும்போது கேட்க வேண்டிய ஒரு கேள்வி

உயர்நிலை வகுப்பு மாணவர்களிடம் பிடித்த படம் எது என்று கேட்டுப் பாருங்கள். பட்டியலில் ஒரு தாதா படமாவது இருக்கும். தாம்பரம், பெருங்களத்தூர், முடிச்சூர், வண்டலூர் என்று எங்கள் பகுதியில் எந்தப் பள்ளியிலும் இதே நிலைதான். ஆனால் அந்தப் படத்தை முழுமையாகப் பார்த்தவர்கள் குறைவு. கைப்பேசியில் முப்பது விநாடித் துண்டுகளாகப் பார்த்திருப்பார்கள். ஒருவர் நடந்து வருகிறார், கூட்டம் விலகுகிறது, பின்னணி இசை எழுகிறது. அதோடு துண்டு முடிந்துவிடும். அதற்கு அடுத்த காட்சியில் என்ன நடந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

"இந்த மாதிரிப் படங்களைப் பார்க்காதே" என்று சொல்வது எளிது. அதனால் பயன் இருப்பதாகத் தெரியவில்லை. நம் அரசுப் பள்ளிகளில் சிறார் திரைப்பட விழா நடக்கிறது. திரையிட்ட பின் கலந்துரையாடுவதும் நமக்குப் பழகிவிட்டது. அதே பழக்கத்தைக் கொண்டு, மாணவர்கள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் படங்களைப் பற்றியும் பேசலாம். அதற்கு ஒரே ஒரு கேள்வி போதும்: இந்தக் கதையில் விலை கொடுப்பவர் யார்?

நல்ல தாதா படத்தையும் மோசமான தாதா படத்தையும் பிரித்துக் காட்டுவது இந்தக் கேள்விதான் என்பது என் கருத்து. மோசமான படம் அதிகாரத்தைக் காட்டுவதோடு நின்றுவிடும். நல்ல படம் அதற்கான விலைச்சீட்டையும் காட்டும்.

சட்டமும் கள்ளச் சந்தையும்

இவ்வகைப் படங்களின் பிறப்பிடம் அமெரிக்காவின் மதுவிலக்குக் காலம். அங்கு 1920 ஜனவரி 17 முதல் 1933 டிசம்பர் 5 வரை நாடு முழுவதும் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. குடும்பங்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அதைக் கேட்டுப் போராடியவர்களின் நோக்கம். கடைகள் மூடப்பட்டன. ஆனால் குடிக்கும் ஆசை மூடப்படவில்லை. வாங்க ஆள் இருக்கும்போது விற்கவும் ஆள் வருவார். சட்டத்துக்கு வெளியே நடக்கும் வியாபாரத்தில் தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. அங்கே தீர்ப்புச் சொல்வது துப்பாக்கி. காவல் துறையின் கண்ணை மூட லஞ்சம் தேவைப்படும். சிகாகோவின் அல் கபோன் இப்படி வளர்ந்தவர்தான். கடைசியில் 1931இல் அவரைச் சிறைக்கு அனுப்பியது கொலை வழக்கு அல்ல, வருமான வரி வழக்கு.

அந்தக் காலத்திலேயே 'லிட்டில் சீசர்' (1931), 'தி பப்ளிக் எனிமி' (1931), 'ஸ்கார்ஃபேஸ்' (1932) ஆகிய படங்கள் வெளிவந்தன. இவை ரவுடிகளைப் புகழ்கின்றன என்ற எதிர்ப்பு அன்றே எழுந்தது. தணிக்கை நெருக்கடியால் 'ஸ்கார்ஃபேஸ்' படத்துக்குத் 'தேசத்தின் அவமானம்' என்ற பொருளில் துணைத் தலைப்பே வைக்க நேர்ந்தது. நாம் இன்று ஆசிரியர் அறையில் பேசும் கவலைக்கு வயது தொண்ணூறுக்கும் மேல்.

நம் மாநிலத்தின் கதையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அரசுக்கு ஏற்பட்ட வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் நடத்துபவர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லித் தருகிறோம். 1948இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் வந்தது. 1971இல் அது தளர்த்தப்பட்டது, 1974இல் மீண்டும் வந்தது, 1981இல் மறுபடி விலக்கப்பட்டது. இந்த ஆண்டுகளில் ஊறல் பானை, சைக்கிள் டியூபில் கடத்திய சாராயம், பர்மிட் என்று எத்தனையோ செய்திகளை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம்.

பம்பாயில் 1949ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் வந்த பின் கள்ளச்சாராயம் பெருந்தொழிலாயிற்று. தூத்துக்குடியிலிருந்து சென்று விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையத்தில் சுமை தூக்கிய வரதராஜன் முதலியார் அந்தத் தொழிலில்தான் பெரும் பணம் பார்த்தார். தாராவி, மாதுங்கா பகுதித் தமிழர்களில் பலருக்கு அவர் பாதுகாவலர், காவல் துறைக்குக் குற்றவாளி. 1988இல் சென்னையில் இறந்தார். அவருடைய வாழ்க்கையைத் தழுவி அதற்கு முந்தைய தீபாவளிக்கு வந்த படம்தான் மணிரத்னம் இயக்கிய 'நாயகன்' (1987).

'நாயகன்' பார்க்கத் தகுந்தது ஏன்?

கமல்ஹாசனின் நடிப்பு, பி.சி. ஸ்ரீராமின் ஒளிப்பதிவு, தோட்டா தரணியின் கலை இயக்கம் ஆகிய மூன்றுக்கும் தேசிய விருது கிடைத்தது. சென்னையில் போட்ட அரங்கத்தைத் தாராவி என்றே நம்பவைத்த படம் அது. ஆனால் ஆசிரியராக நான் அந்தப் படத்தை மதிப்பதற்குக் காரணங்கள் வேறு.

முதலாவது, ஒருவன் எப்படிக் குற்றவாளி ஆகிறான் என்பதைப் படம் படிப்படியாகக் காட்டுகிறது. சிறுவன் வேலுவைப் பின்தொடர்ந்து சென்றே காவலர்கள் அவனுடைய தந்தையைச் சுடுகிறார்கள். பம்பாயில் அவனை வளர்த்தவர் காவல் நிலையத்தில் கொல்லப்படுகிறார். சட்டம் காப்பாற்றாத இடத்தில் வளர்ந்தவன், சட்டத்தைத் தன் கையில் எடுக்கிறான். இது அவன் செய்த கொலைகளை நியாயப்படுத்தாது. ஆனால் காரணத்தைத் தேடுவதும் குற்றத்தை மன்னிப்பதும் ஒன்றல்ல என்பதை மாணவர்களுக்குப் புரியவைக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

இரண்டாவது, படத்தில் அடிபடுபவர்களுக்கும் வீடு இருக்கிறது. ஆய்வாளர் கேல்கரை வேலு அடித்துக் கொன்றதும் திரையரங்கில் கைதட்டல் எழுந்திருக்கும். அதற்குப் பிறகு படம் நம்மைக் கேல்கரின் மனைவியிடமும், மனவளர்ச்சி குன்றிய மகனிடமும் அழைத்துப் போகிறது. வேலு அந்தக் குடும்பத்துக்குப் பண உதவி செய்கிறான். ஆனால் பணத்தால் அந்தக் கணக்கு தீர்வதில்லை. இறுதியில் நீதிமன்றம் விடுவித்த நாயக்கரை, ஊரே கொண்டாடும் அந்த நேரத்தில் சுடுவது அந்த மகன்தான். கைத்தட்டல் பெறும் முப்பது விநாடித் துண்டு கேல்கர் விழுவதோடு முடிந்துவிடும். விலைச்சீட்டு படத்தின் கடைசிக் காட்சியில் வருகிறது.

மூன்றாவது, வேலுவை எதிர்த்துக் கேட்க அவன் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள். மகள் சாருமதி தந்தையின் நியாயங்களை ஏற்க மறுத்து வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். பல ஆண்டுகள் கழித்து, நல்லவரா கெட்டவரா என்று பேரன் கேட்கும்போது நாயக்கருக்கு விடை தெரியவில்லை. கதாநாயகனே பதில் சொல்லத் திணறும் கேள்வியை விட்டுச் செல்லும் படம், பார்ப்பவரைச் சிந்திக்க விடுகிறது.

ஆசிரியர்கள் மறக்கமுடியாத இன்னொரு இடமும் உண்டு. விடுதியில் அடைபட்ட நீலா, மறுநாள் கணக்குத் தேர்வு இருப்பதால் சீக்கிரம் விட்டுவிடும்படி வேலுவைக் கேட்கிறாள். அந்த இடத்திலும் அந்தப் பெண் படிப்பை விடவில்லை. படத்தில் வரும் எந்தத் துப்பாக்கியையும்விட அந்தக் கணக்குத் தேர்வு என்னை அதிகம் அசைத்தது.

படம் காட்டாமல் விட்டது

இவ்வளவு சொன்ன படமும் ஒன்றைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. நிஜ வரதராஜனின் செல்வம் கள்ளச்சாராயத்தில் பிறந்தது. படமோ கடல்வழிக் கடத்தலையே முன்னிறுத்துகிறது. கடத்தல் பொருளை வாங்குபவருக்குப் பெரிய சேதம் இல்லை. சாராயத்தை வாங்குபவர் யார்? நாள் கூலி வாங்கும் தொழிலாளி. ஏழைகளின் காவலன் என்று போற்றப்படுபவரின் வருமானம் அந்த ஏழைகளின் சட்டைப் பையிலிருந்தே வந்தது என்பதைப் படம் பேசியிருந்தால், பேரனின் கேள்வி இன்னும் கனத்திருக்கும்.

அந்த இடைவெளியை நிரப்ப, பா. இரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை' (2021) உதவுகிறது. 1970களின் வடசென்னையில் குத்துச்சண்டை வீரன் கபிலன் கள்ளச்சாராயத் தொழிலில் இறங்குகிறான். அந்தச் சாராயமே அவனைக் குடிக்கிறது. உடல் தளர்கிறது, மூச்சு வாங்குகிறது, தாயும் மனைவியும் கலங்கி நிற்கிறார்கள். தொழிலின் விலை இங்கே ஒரு விளையாட்டு வீரனின் உடம்பில் எழுதப்படுகிறது. அவன் மீண்டு வர மறுபடி பயிற்சி செய்ய வேண்டியிருக்கிறது.

அமெரிக்கப் படங்களில் 'தி ரோரிங் ட்வென்டீஸ்' (1939) படத்தையும் சொல்லலாம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பும் எடி என்ற மெக்கானிக்குக்குப் பழைய வேலை கிடைக்கவில்லை. டாக்சி ஓட்டுகிறான், மதுக் கடத்தலில் இறங்குகிறான், உயர்கிறான். 1929 பங்குச் சந்தை வீழ்ச்சிக்குப் பின் மீண்டும் டாக்சிக்கே வருகிறான். கடைசியில் தேவாலயப் படிக்கட்டில் இறந்து கிடக்கிறான். வேலையில்லாத் திண்டாட்டம், பொருளாதாரப் பெருமந்தம் ஆகிய பாடங்களுக்கு இந்தக் கதைச் சுருக்கமே போதும்.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

இந்தப் படங்களை வகுப்பில் முழுமையாகத் திரையிட நான் சொல்லவில்லை. வன்முறையும் வயதுக்குப் பொருந்தாத காட்சிகளும் உண்டு. ஆசிரியர் முதலில் முழுப் படத்தையும் பார்க்க வேண்டும். தணிக்கைச் சான்றிதழையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான செயல்பாடுகளுக்குக் கதையை வாய்மொழியாகச் சொன்னாலே போதும்.

1. விலைப் பட்டியல் (9 முதல் 12ஆம் வகுப்பு வரை): மாணவர்கள் தமக்குத் தெரிந்த ஒரு தாதா படத்தை எடுத்துக்கொள்ளட்டும். தாளில் இரண்டு பத்திகள்: லாபம் அடைந்தவர், விலை கொடுத்தவர். 'நாயகன்' என்றால் இரண்டாம் பத்தியில் வேலுவை வளர்த்தவர், கேல்கரின் மனைவி, நீலா, மகன் சூர்யா, சாருமதி என்று பட்டியல் நீளும். லாபம் அடைந்தவர் என்று முதல் பத்தியில் எழுதிய வேலுவும் இறுதியில் இரண்டாம் பத்திக்கு வந்துவிடுவார்.

2. துண்டுக்கு முன்னும் பின்னும்: கைப்பேசியில் பார்த்த ஒரு 'மாஸ்' காட்சியை ஒருவர் சொல்ல, அதற்கு முன் நடந்ததையும் பின் நடந்ததையும் மற்றவர்கள் கூற வேண்டும். தெரியாவிட்டால் ஊகித்து எழுதலாம். தமிழ்ப் பாடத்தில் கதையைத் தொடர்ந்து எழுதும் பயிற்சியாகவும் இது அமையும்.

3. படத்தில் இல்லாதவர் (10ஆம் வகுப்பு அறிவியலுடன் இணைத்து): கார்பன் சேர்மங்கள் பாடத்தில் எத்தனால் வருகிறது. கள்ளச்சாராயத்தில் கலக்கும் மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது, உயிரையும் பறிக்கிறது. 2023 மே மாதம் மரக்காணம் அருகிலும் நம் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர். இந்தச் செய்திகளைச் சொல்லி, "இவர்கள் எந்தத் தாதா படத்தில் வருகிறார்கள்?" என்று கேளுங்கள்.

4. இரு பக்க விவாதம் (சமூக அறிவியல்): மதுவிலக்கின் நோக்கம், வருவாய், நடைமுறைச் சிக்கல் ஆகியவற்றை முன்வைத்து மாணவர்கள் வாதிடட்டும். தீர்ப்பை ஆசிரியர் சொல்ல வேண்டாம்.

5. தொடக்க வகுப்புகளுக்கு: தாதா படங்கள் தேவையே இல்லை. தெரிந்த கதை ஒன்றைச் சொல்லி, "இதில் யாருக்கு வலித்திருக்கும்?" என்று மட்டும் கேட்கலாம். இந்தக் கேள்விக்குப் பழகிய குழந்தை பின்னாளில் எந்தப் படத்தையும் அப்படித்தான் பார்க்கும்.

ஓர் எச்சரிக்கை. நம் வகுப்பில் குடியால் சிதைந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "உங்கள் வீட்டில் யார் குடிக்கிறார்கள்?" என்ற கேள்வி எந்த வடிவிலும் வரக்கூடாது. பேச்சு படத்தின் பாத்திரங்களைச் சுற்றியே இருக்கட்டும். விவாதத்தின்போது ஒரு பிள்ளை திடீரென்று அமைதியாகிவிட்டால், பிறகு தனியே பேசுங்கள். தேவைப்பட்டால் 1098 குழந்தைகள் உதவி எண்ணையும் 14417 கல்வி உதவி எண்ணையும் பயன்படுத்துங்கள்.

நம் பிள்ளைகள் இந்தப் படங்களைப் பார்க்கத்தான் போகிறார்கள். அடுத்த திரைப்பட மன்றக் கூட்டத்தில் ஒரு பாடவேளையை விலைப் பட்டியலுக்கு ஒதுக்கிப் பாருங்கள். பட்டியலின் இரண்டாம் பத்தியில் முதல் பெயரை ஆசிரியர் எழுதிக் கொடுத்தால் போதும். மற்றவற்றை மாணவர்களே நிரப்புவார்கள்.