ஜோர்ஜிய மொழியின் ஒலியும் இலக்கணமும்

கருங்கடலுக்குக் கிழக்கே, கோக்கசு மலைத்தொடரின் தென்புறத்தே உள்ள நாட்டை உலகோர் ஜோர்ஜியா என்பர். அந்நாட்டு மக்களோ தம்மைக் கார்த்வேலர் என்றும் தம் நாட்டைச் சாகார்த்வேலோ என்றும் வழங்குவர். 'கார்த்வேல்' என்பதன் முன்னே 'சா'வும் பின்னே 'ஓ'வும் கூடிக் 'கார்த்வேலர்க்குரிய இடம்' என்னும் பொருளைத் தருகின்றன. இப்பெயரைக் கொண்டே மொழிநூலார் ஜோர்ஜியம், மிங்கிரேலியம், லாஸ், ஸ்வான் என்னும் நான்கு மொழிகளையும் கார்த்வேலியக் குடும்பம் என வகுத்தனர். வேறெந்த மொழிக்குடும்பத்துடனும் இதற்கு உறவுண்டென்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. நான்கனுள் தொன்மையான எழுத்திலக்கியம் உடையது ஜோர்ஜியம் ஒன்றே. அதன் இயல்புகளை, நாம் கற்ற தமிழிலக்கணத்தை அளவுகோலாகக் கொண்டு ஈண்டு ஒருவாறு நோக்குவோம்.

எழுத்தும் ஒலியும்

ஜோர்ஜிய நெடுங்கணக்கில் இன்று வழங்கும் எழுத்துக்கள் 33. அவற்றுள் உயிர் ஐந்து, மெய் 28. அ, எ, இ, ஒ, உ என்பனவே அவ்வுயிர்கள். குறில் நெடில் என்னும் வேறுபாட்டால் அங்கே பொருள் மாறுவதில்லை. ஓரொலிக்கு ஓரெழுத்து என்பது அம்மொழியின் நெறியாதலின், எழுதியவாறே வாசிக்கலாம்.

உயிரில் எளிமை காட்டும் அம்மொழி மெய்யில் அருமை காட்டுகிறது. தமிழில் ககரம் ஒன்றே இடத்துக்கேற்ப வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிக்கும். ஜோர்ஜியத்தில் ககரம், தகரம், பகரம் ஆகிய ஒவ்வொன்றின் இடத்திலும் மும்மூன்று ஒலிகள் தனித்தனி எழுத்துடன் நிற்கின்றன. முதலாவது, குரல்நாண் அதிரப் பிறப்பது. இரண்டாவது, மூச்சுக்காற்றுடன் பிறப்பது. மூன்றாவது, குரல்வளையை ஒருகணம் அடைத்து, வாயினுள் அகப்பட்ட காற்றை மட்டும் வெடிக்கச் செய்வதனால் பிறப்பது. மூச்சொலியுடன் 'கரி' என்றால் காற்று; குரல்வளை அடைத்துக் 'கரி' என்றால் கதவு. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். அவர் செவிக்கோ இவை முற்றிலும் வேறான சொற்கள்.

தனிமெய் மொழிக்கு முதலில் வாராது என்பது நம் இலக்கண விதி. ஜோர்ஜியமோ மெய்களை அடுக்குவதில் நிகரற்றது. 'ம்த்ஸ்வ்ர்த்னெலி' என்பது பயிற்றுவிப்பவரைக் குறிக்கும் சொல். முதல் உயிருக்கு முன்னே ஆறு மெய்கள் நிற்கின்றன. ('த்ஸ்' என்பதை அவர்கள் ஓரெழுத்தாகவே எழுதுவர்.) 'நீ எங்கள் தோலை உரிக்கிறாய்' எனப் பொருள்படும் 'க்வ்ப்ர்த்ஸ்க்வ்னி' என்பதில் எட்டு மெய்களுக்குப் பின்னரே ஓர் உயிர் வருகிறது.

பெயரியல்

பெயருக்குப் பால் இல்லை. அவன், அவள், அது ஆகிய மூன்றையும் 'இஸ்' என்னும் ஒரு சொல்லே சுட்டும். வேற்றுமை ஏழு. தமிழிற் போலவே அவற்றின் உருபுகள் பெயரின் ஈற்றில் ஒட்டி நிற்கும். எண்ணுப்பெயர் முன்வரின் பெயர் ஒருமையிலேயே நிற்கும். எண்ணும் முறை இருபதை அடியாகக் கொண்டது: நாற்பது 'இரண்டு இருபது', எண்பது 'நான்கு இருபது', தொண்ணூற்றொன்பது 'நான்கு இருபதும் பத்தொன்பதும்'.

தாய்க்குத் 'தெதா' என்றும் தந்தைக்கு 'மாமா' என்றும் அங்கே பெயர். நம் மாமனை எண்ணி உடனே உறவு கற்பித்துவிடலாகாது. குழந்தை வாயில் எளிதில் வரும் ஒலிகள் பல மொழிகளில் உறவுப்பெயர் ஆகியுள்ளன. ஒலியொப்புமை ஒன்றே மொழியுறவுக்குச் சான்றாகாது என்பதை மாணவர் மனங்கொள்க.

வினையியல்

ஜோர்ஜிய இலக்கணத்தின் சிறப்பெல்லாம் வினையிலேயே உள்ளது. தமிழ் வினைமுற்று எழுவாயின் திணை, பால், எண், இடங்களைக் காட்டும். ஜோர்ஜிய வினையோ செயப்படுபொருளையும் உடன்காட்டும். 'வ்ஹெதவ்' என்றால் 'நான் அவனைக் காண்கிறேன்'. 'ம்ஹெதவ்ஸ்' என்றால் 'அவன் என்னைக் காண்கிறான்'. ஒரு சொல்லே ஒரு வாக்கியமாகிறது.

எழுவாயின் உருபு காலத்தோடு மாறுவது அதனினும் வியப்பானது. பின்வரும் மூன்று வாக்கியங்களையும் ஒப்பிடுக:

தெதா த்ஸெரில்ஸ் த்ஸெர்ஸ் — தாய் கடிதம் எழுதுகிறாள்.
தெதாம் த்ஸெரிலி தத்ஸெரா — தாய் கடிதம் எழுதினாள்.
தெதாஸ் த்ஸெரிலி தவுத்ஸெரியா — தாய் கடிதம் எழுதியிருக்கிறாளாம்.

முதலாவதில் தாய் எழுவாய் வேற்றுமையில் நிற்கிறாள். இரண்டாவதில் செயல் முடிந்தமையின், செய்தவளைக் காட்டும் 'ம்' என்னும் தனியுருபை ஏற்கிறாள். மூன்றாவது, கண்ணாற் காணாது கேட்டோ உய்த்துணர்ந்தோ கூறுவது. அங்கே தாய் நம் 'கு' உருபுக்கு ஒப்பான வேற்றுமையில் நிற்கிறாள். தமிழில் 'ஆம்' என்னும் இடைச்சொல் செய்யும் பணியை ஜோர்ஜியம் வினையின் வடிவாலும் வேற்றுமையாலும் செய்கிறது. 'எனக்குப் பசிக்கிறது' என நாம் கூறுவது போலவே, அவர்களும் பசித்தவரை 'கு' உருபின் நிலையில் வைத்து 'ம்ஷியா' என்பர். இவ்வினை வடிவங்களை வரிசைப்படுத்தி இலக்கணம் வகுத்தவருள் தலையாயவர் அக்காக்கி ஷானிட்ஸே (1887–1987).

மொழியின் வாழ்வு

ஐந்தாம் நூற்றாண்டிலேயே கல்லெழுத்தும் இலக்கியமும் பெற்ற மொழி இது. எனினும் தொன்மை மட்டும் ஒரு மொழிக்குக் காவலாகாது. 1978ஆம் ஆண்டு, சோவியத் ஆட்சிக் காலத்தில் புதிய அரசியலமைப்பு வரையப்பட்டபோது, ஜோர்ஜியமே அரசமொழி என்னும் விதியை நீக்க முற்பட்டனர். ஏப்பிரல் 14ஆம் நாள் திபிலிசி நகரில் மாணவரும் பிறரும் ஆயிரக்கணக்கில் திரண்டனர். அன்றே ஆட்சியாளர் இணங்கினர், விதி நிலைத்தது. அந்நாள் இன்று ஜோர்ஜிய மொழி நாளாகப் போற்றப்படுகிறது.

அதன் உடன்பிறந்த மொழிகளுக்கு அப்பேறு வாய்க்கவில்லை. மலைப்பள்ளத்தாக்குகளில் வழங்கும் ஸ்வானும், மேற்கு ஜோர்ஜியாவின் மிங்கிரேலியமும், பெரும்பாலும் துருக்கியின் கருங்கடற் கரையில் வழங்கும் லாஸும் அழிவை எதிர்நோக்கும் மொழிகள் என யுனெஸ்கோ நிறுவனம் குறித்துள்ளது. ஸ்வான், மிங்கிரேலியம் பேசுவோர் பள்ளியிற் கற்பதும் ஏட்டில் எழுதுவதும் ஜோர்ஜியத்திலேயே. குடும்பத்தினின்று முதலிற் பிரிந்த மொழி ஸ்வான். ஜோர்ஜியத்தில் இல்லாத நெடில் அதன் கிளைமொழிகள் சிலவற்றில் உண்டு. அது மறையுமாயின் இக்குடும்பத்தின் பழைய நிலையை அறிதற்குரிய சான்றுகளும் உடன்மறையும். ஆதலின், தமக்கை மொழியைக் காத்தவர்கள் தங்கை மொழிகளையும் வீட்டிலும் பள்ளியிலும் வாழச் செய்தல் வேண்டும். மொழிநூல் பயில விரும்பும் நம் மாணவரும் பெருமொழிகளோடு அமையாது, இத்தகைய சிறுமொழிகளின் இலக்கணத்தையும் கற்பாராக.