ஒரே வேர், வேறு பொருள்: நம் ஊரை வைத்துச் சில ஆங்கிலச் சொற்கள்

வேலை கேட்டு எழுதும் ஆங்கிலக் கடிதத்தில் ஒரு மாணவர் தம்மை ‘இன்டஸ்ட்ரியல்’ என்று குறிப்பிட்டால் அதில் எழுத்துப்பிழை இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் ‘கடின உழைப்பாளி’ என்று சொல்ல வந்தவர் ‘தொழிற்சாலை சார்ந்தவர்’ என்று சொல்லிவிடுகிறார். அவர் எழுத வேண்டிய சொல் ‘இன்டஸ்ட்ரியஸ்’.

இத்தகைய இணைச்சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் தேர்வு முடிந்ததும் மறந்துவிடும். இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி மாணவர்களுக்கு நான் வேர்ச்சொல்லின் கதையைச் சொல்லி, அவர்கள் நாள்தோறும் பார்க்கும் பொருளோடு அதை இணைக்கிறேன்.

இன்டஸ்ட்ரியல் – இன்டஸ்ட்ரியஸ்: இரண்டுக்கும் வேர் ஒரு இலத்தீன் சொல். அதன் பொருள் ‘ஊக்கம், உழைப்பு’. ஆலைகள் என்னும் பொருள் பின்னாளில் சேர்ந்தது. பழைய பொருளை இன்டஸ்ட்ரியஸ் வைத்துக்கொண்டது. புதிய பொருளை இன்டஸ்ட்ரியல் எடுத்துக்கொண்டது. நூற்பாலைகள் நிறைந்த இராஜபாளையம் இன்டஸ்ட்ரியல் நகரம். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தொழிலாளி இன்டஸ்ட்ரியஸ்.

எகனாமிக் – எகனாமிகல்: ‘வீட்டு நிர்வாகம்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தவை. வீட்டுச் சிக்கனம் எகனாமிகலிலும், நாட்டின் பொருளாதாரம் எகனாமிக்கிலும் தங்கிவிட்டன. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவால் ஊருக்குக் கிடைப்பது எகனாமிக் பயன். குறைந்த விறகில் பாலைக் காய்ச்சும் அடுப்பு எகனாமிகல் அடுப்பு.

ஹிஸ்டாரிக் – ஹிஸ்டாரிகல்: தமிழில் இரண்டையும் ‘வரலாற்று’ என்றே தொடங்குவதால் குழப்பம் மிகுதி. வரலாற்றில் முக்கியத்துவம் பெற்றது ஹிஸ்டாரிக். வரலாறு தொடர்பானது எதுவும் ஹிஸ்டாரிகல். இந்தியா குடியரசான 1950 ஜனவரி 26 ஹிஸ்டாரிக் நாள். அன்று சென்னை மாகாண முதல்வராக இருந்தவர் இராஜபாளையத்தைச் சேர்ந்த பி.எஸ். குமாரசுவாமி ராஜா. அவர் பதவி வகித்த 1949–1952 காலத்தைப் பற்றி மாணவர் எழுதும் கட்டுரை ஹிஸ்டாரிகல் கட்டுரை. அதுபோல, ஆண்டாள் கோயிலின் 11 நிலைக் கோபுரம் ஹிஸ்டாரிக். கோயில் கல்வெட்டுகளைப் படிப்பது ஹிஸ்டாரிகல் ஆய்வு.

வகுப்பறைச் செயல்பாடு:

1. மாணவர்களை இருவர் இருவராக அமர வைக்கவும். ஒவ்வொரு இணைக்கும் தம் தெரு, வீடு, பெற்றோரின் தொழில் ஆகியவற்றிலிருந்து இரண்டு ஆங்கிலத் தொடர்களை அவர்களே எழுதட்டும்.

2. அடுத்து, சொற்களை இடம் மாற்றி எழுதித் தமிழில் சொல்லச் செய்யவும். எகனாமிகல் அடுப்பு ‘சிக்கன அடுப்பு’. எகனாமிக் அடுப்பு என்றாலோ ‘பொருளாதார அடுப்பு’! வகுப்பு சிரிக்கும். பொருள் எங்கே மாறியது என்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள்.

3. இறுதியில் ஒவ்வொருவரும் ஐந்து வரியில் ஒரு விண்ணப்பக் கடிதம் எழுதட்டும். அதில் இன்டஸ்ட்ரியஸ் என்ற சொல் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

மதிப்பீட்டின்போது சொல்லின் பொருளைக் கேட்பதைவிட, “இந்தச் சொல்லை எதற்குப் பக்கத்தில் வைப்பாய்?” என்று கேளுங்கள். ‘மில்லுக்கா, மில்லில் உழைக்கும் அம்மாவுக்கா?’ என்று யோசித்து விடை சொல்லும் மாணவர், நாளை தம்மைப் பற்றி எழுதும்போதும் சரியான சொல்லையே எடுப்பார்.