செரங்கெட்டிச் சமவெளியில் ஓர் இரவு

கிழக்கு ஆப்பிரிக்காவில், தான்சானியா நாட்டின் வடபகுதியில், செரங்கெட்டி என்னும் தேசியப் பூங்கா உள்ளது. பூங்கா என்றதும் மலர்ச்செடிகளும் நீரூற்றும் நினைவுக்கு வரலாம். இதுவோ ஏறத்தாழ 14,760 சதுரக் கிலோமீட்டர் பரப்புடைய புல்வெளி. 'முடிவின்றி விரிந்த நிலம்' எனப் பொருள்படும் மாசாய் மொழிச்சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பர்.

ஒரு பிப்ரவரித் திங்களில் நண்பர் இருவருடன் அங்குச் சென்றேன். வழியில் கோரோங்கோரோ என்னும் அவிந்த எரிமலையின் விளிம்பில் ஒரு கற்கல்லறையைக் கண்டோம். மைக்கேல் கிர்சிமெக் என்னும் ஜெர்மானிய இளைஞர் அங்கு உறங்குகின்றார். 1958-ஆம் ஆண்டில் அவரும் அவர் தந்தை பெர்னார்டும், வரிக்குதிரையைப் போலக் கோடு தீட்டிய சிறு விமானத்தில் பறந்து, இச்சமவெளியின் விலங்குகளைக் கணக்கெடுத்தனர். 1959 ஜனவரியில் கழுகு ஒன்று மோதியதால் விமானம் வீழ்ந்தது. மைக்கேல் மாண்டபோது அவருக்கு வயது 24. மகனை அடக்கம் செய்த தந்தை, அப்பணியை விடாது நடத்தி முடித்தார்.

மலையிறங்கியதும் விலங்குத் திரள் எதிர்ப்பட்டது. மாட்டின் கொம்பும், குதிரையின் பிடரியும், ஆட்டின் தாடியும் கொண்ட வில்டபீஸ்ட் என்னும் விலங்கு அது. உண்மையில் மறிமான் வகையைச் சேர்ந்தது. மழையையும் புல்லையும் தேடி ஆண்டுதோறும் வட்டமாக வலசை செல்லும் இவற்றின் தொகை பல இலட்சம். எரிமலைச் சாம்பல் படிந்த தென்புலத்துப் புல் சத்து மிகுந்தது. ஆதலின் அங்கேயே கன்று ஈனுகின்றன. எங்கள் கண்ணெதிரே பிறந்த கன்று ஒன்று, இருமுறை விழுந்து, மூன்றாம் முறை எழுந்து நின்றது. சிறிது நேரத்தில் தாயின் பின்னே ஓடியது. ஓடாத கன்றுக்கு அங்கு வாழ்வில்லை.

மாலையில் செரோனராவை அடைந்து கூடாரம் அடித்தோம். சுற்றிலும் வேலி இல்லை. சமைக்கும் இடத்திற்கு மட்டும் கம்பியடைப்பு உண்டு. விலங்குக் காட்சிச்சாலையில் நாம் காண்பதற்கு நேர்மாறாக, அங்கே மனிதர் கூண்டுக்குள் அமர்ந்து உண்டனர்! "உணவையோ தோற்பொருளையோ வெளியே வைக்காதீர், இருட்டியபின் கூடாரத்தை விட்டு வாராதீர்" என்று எங்கள் வழிகாட்டி எச்சரித்தார். களைப்பு மிகுதியால் என் தோற்செருப்பை வாயிலிலேயே விட்டுவிட்டேன்.

நள்ளிரவில் ஏதோ மோப்பம் பிடிக்கும் ஒலி கேட்டது. பின்னர்க் கழுதைப்புலியின் ஊளை எழுந்தது. செருப்பு இழுபடும் ஓசை கேட்டதும், அதை மீட்கும் எண்ணத்துடன் நண்பர் எழுந்து வாயிலின் மேல் கை வைத்தார். அந்நொடியில் அடுத்த கூடாரத்திலிருந்து, "சிம்பா!" என்று வழிகாட்டி தாழ்ந்த குரலில் கூறினார். சுவாகிலி மொழியில் சிங்கத்திற்கு அதுவே பெயர். நண்பர் கையை எடுத்துவிட்டார். கழுதைப்புலியின் அரவம் அடங்கியது. மிக அருகில் ஒரு கர்ச்சனை எழுந்தது. அதைச் செவியால் கேட்டோம் என்பதினும் நெஞ்சால் உணர்ந்தோம் என்பதே பொருந்தும். விடியும்வரை மூவரும் ஒரு சொல்லும் பேசவில்லை.

கதிரவன் எழுந்தபின் வெளியே வந்தோம். இருபதடித் தொலைவில் பாதி கடிபட்ட செருப்பு கிடந்தது. வழிகாட்டி என்னைக் கடிந்துகொள்ளவில்லை, தரையைச் சுட்டிக்காட்டினார். எங்கள் கூடார வாயிலுக்கும் அச்செருப்புக்கும் இடையே, பனி ஈரம் படிந்த மண்ணில், அகன்ற காலடிகள் வரிசையாகப் பதிந்திருந்தன.