1968-இல் பிறந்த டிரைவர்

நவி மும்பையின் கோபர்கைரனேயில் பழைய லேப்டாப்புக்குப் பஞ்சமில்லை. பக்கத்திலேயே மஹாபே, ஐரோலி என்று ஐ.டி. அலுவலகங்கள். இப்படிப்பட்ட அலுவலகங்கள் கழித்துவிடும் டெல் லாட்டிடியூடும் திங்க்பேடும் எலைட்புக்கும் கைமாறிக் கைமாறி, செக்டர் வீடுகளில் பிள்ளைகளின் படிப்புக்கு வந்து சேர்கின்றன. ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட்டதும் சில நேரம் ஸ்பீக்கர் ஊமையாகிவிடும், வைஃபை காணாமல் போய்விடும். பெரும்பாலும் அந்தப் பாகத்தை இயக்கும் மென்பொருளான டிரைவர் இல்லாததுதான் காரணம். அப்போது ஆளாளுக்குச் சொல்லும் யோசனைகளில் பல தவறானவை. சில செலவும் வைப்பவை.

“டிரைவர் 2006-ஆம் வருஷத்தது, மாத்தியே ஆகணும்.”

காசு பறிப்பதில் முதலிடம் இதற்குத்தான். டிவைஸ் மேனேஜரைத் திறந்து கீபோர்டின் டிரைவர் விவரத்தைப் பாருங்கள். தேதி 21 ஜூன் 2006 என்றிருக்கும். நேற்று வாங்கிய லேப்டாப்பிலும் பெரும்பாலும் அதே தேதிதான். விண்டோஸோடு கூடவே வரும் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் தெரிந்தே போட்ட தேதி அது. ஒரே பாகத்துக்கு இரண்டு டிரைவர்கள் சமமாகப் பொருந்தினால், தேதி பிந்தியதை விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். பொது டிரைவருக்குப் புதுத் தேதி போட்டால், லேப்டாப் கம்பெனி அந்த மாடலுக்கென்றே எழுதியதை அது ஓரங்கட்டிவிடும். அதனால்தான் மைக்ரோசாஃப்ட் தன் சரக்கைத் தானே பழசாகக் காட்டுகிறது. உள்ளே இருப்பது எந்தக் காலத்தது என்பதை வெர்ஷன் எண் சொல்லிவிடும்.

இன்டெல் இன்னும் ஒரு படி மேலே. அதன் சிப்செட் டிரைவர்கள் பலவற்றில் தேதி 18 ஜூலை 1968! விண்டோஸை விடுங்கள், மைக்ரோசாஃப்டே பிறக்காத வருஷம் அது. இன்டெல் கம்பெனி தொடங்கிய நாளை அங்கே போட்டிருக்கிறார்கள். இந்தச் சிப்செட் கோப்புகள் பெரும்பாலும் பாகங்களுக்குச் சரியான பெயர் சூட்டுவதோடு சரி. வேலை செய்கிற வேறொரு டிரைவரின் இடத்தை அவை பிடித்துவிடக் கூடாது என்பதுதான் அங்கேயும் கணக்கு. விவரம் அறியாதவரை இப்படிப்பட்ட தேதிகளைக் காட்டிப் பயமுறுத்துவது சுலபம். இலவசமாக ஸ்கேன் செய்து, சிவப்பில் பட்டியல் போட்டு, சரிசெய்யப் பணம் கேட்கும் டிரைவர் அப்டேட்டர்கள் பக்கமே போகாதீர்கள்.

“எதுவானாலும் புதுசு நல்லதுதானே?”

டிரைவர்களில் பல விண்டோஸின் அடிமடியில், கெர்னலில் ஓடுபவை. அங்கே ஒன்று இடறினால் மொத்த கம்ப்யூட்டரும் நீலத்திரையில் விழும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கம்ப்யூட்டர் பாதுகாப்பு கம்பெனி அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டை அதன் கெர்னல் டிரைவர் படித்ததும், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் படுத்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஒழுங்காக ஓடுகிற டிரைவரைத் தொடாதீர்கள். தொட்டுக் கெட்டுவிட்டால், டிவைஸ் மேனேஜரில் ரோல் பேக் பட்டன் இருக்கிறது.

“அன்னோன் டிவைஸ்னு காட்டுது, மதர்போர்டு போச்சு.”

பெரும்பாலும் போகவில்லை. மஞ்சள் முக்கோணத்தோடு கோட் 28 என்றிருந்தால், டிரைவர் போடப்படவில்லை என்பதற்கு மேல் அதற்கு அர்த்தமில்லை. அதன் ப்ராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் பக்கம் போய் ஹார்டுவேர் ஐடியைத் தேர்ந்தெடுங்கள். அதில் வென் (VEN) என்பதை அடுத்து வரும் எண் தயாரிப்பாளருடையது. 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏ.எம்.டி. முழு வரியையும் அப்படியே காப்பி செய்து மைக்ரோசாஃப்ட் அப்டேட் கேட்டலாக் தளத்தில் தேடலாம். காசு கிடையாது. அதற்கு முன், லேப்டாப் கம்பெனியின் தளத்தைப் பார்ப்பது இன்னும் நல்லது. டெல் என்றால் அடியில் ஏழு எழுத்தில் சர்வீஸ் டேக் இருக்கும், அதைக் கொடுத்தால் அந்த மாடலுக்கான பட்டியலே வந்துவிடும்.

சிலவற்றை விட்டுவிடவும் செய்யலாம். பழைய டெல்லில் எஸ்.எம்.ஓ.8800 என்று ஒன்று முறைத்துக்கொண்டே இருக்கும். லேப்டாப் கீழே விழுவதை உணர்ந்து ஹார்ட் டிஸ்கைக் காப்பாற்றும் சென்சார் அது. எஸ்.எஸ்.டி. மாற்றியிருந்தால் அதற்கு அங்கே வேலையே இல்லை.

“வைஃபை டிரைவர் இல்லை, அப்புறம் எப்படி டவுன்லோடு?” என்று பென்டிரைவோடு கடைக்கு ஓடுபவர்கள் உண்டு. ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் சொருகி யூ.எஸ்.பி. டெதரிங் போடுங்கள், அதற்கான டிரைவர் விண்டோஸ் 10-இலேயே இருக்கிறது. ஃபார்மட்டுக்கு முன்பே யோசித்தவருக்கு அதுவும் தேவைப்படாது. விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ்டோர், அதற்குள் ஃபைல்ரெப்பாசிட்டரி. அந்த ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்து வைத்து, பிறகு டிவைஸ் மேனேஜருக்கு அதைக் காட்டினால் தேவையானதை அதுவே பொறுக்கிக்கொள்ளும்.

விண்டோஸ் 7 டிரைவர் 10-இல் ஓடாது என்பதும் பாதி உண்மைதான். பல ஓடுகின்றன. 2011-இன் இன்டெல் ஹெச்.டி. 3000 கிராபிக்ஸ் விண்டோஸ் 10-இல் முந்தைய காலத்து டிரைவரை வைத்துத்தான் பிழைக்கிறது. 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறாது, அங்கே ஒன்றும் செய்வதற்கில்லை. டிஜிட்டல் கையெழுத்து இல்லாததும் மாட்டிக்கொள்ளும்.

கம்பெனித் தளத்தில் எப்போதும் கிடைக்கும் என்று மட்டும் நம்பாதீர்கள். விற்பனை நின்ற பழைய போர்டுகளின் டிரைவர்களையும் பயாஸ் கோப்புகளையும் இன்டெல் 2019-இல் தன் தளத்திலிருந்து நீக்கியது. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. உங்கள் மாடலின் பக்கம் இன்னும் இருக்கிறதென்றால், அதிலுள்ளவற்றை இந்த வாரமே இறக்கி வைத்துவிடுங்கள்.

சரியான டிரைவர் போட்டும் கோட் 43 போகவில்லை, அல்லது அந்தப் பாகம் டிவைஸ் மேனேஜர் பட்டியலிலேயே தலைகாட்டவில்லை என்றால், முதலில் லேப்டாப்பின் வைஃபை ஸ்விட்சையும் பயாஸையும் பாருங்கள். அங்கே ஒன்றும் தவறில்லை என்றால் கோளாறு பாகத்தில்தான் இருக்கும். தாணேயிலும் தாதரிலும் ரயில் மாறி கிராண்ட் ரோடில் இறங்கி, லாமிங்டன் ரோடு கம்ப்யூட்டர் கடைகள் வரை போவதற்கு அப்போதுதான் காரணம் இருக்கிறது.