பொய் சொல்லும் பின்கள்

கேள்வி: முன்கதவுப் பூட்டை மாற்ற நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு பூட்டுகளில் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு விலை. ஏன் என்று கேட்டதற்கு, "இதுக்குள்ள செக்யூரிட்டி பின் கெடக்கு, தாக்கோல் இல்லாம எவனும் திறக்க முடியாது" என்றார் கடைக்கார அண்ணாச்சி. என் அத்தையோ, "இதெல்லாம் வீண் செலவு, ஒரு திண்டுக்கல் பூட்டு வாங்கித் தொங்க விடு" என்கிறார். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். பள்ளி விடுமுறைக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன். அந்தப் பின் என்னதான் செய்கிறது? அந்த விலை கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, தக்கலை

பதில்: அண்ணாச்சி சொன்னதில் "எவனும்" என்ற சொல்லை எடுத்துவிட்டால் மீதி சரி.

கதவில் பதிக்கும் சிலிண்டர் பூட்டில் இரண்டு பாகங்கள் முக்கியம். ஒன்று அசையாத வெளிக்கூடு. மற்றது அதற்குள் சாவியோடு சேர்ந்து திரும்பும் உருளை. இரண்டையும் சேர்த்து வரிசையாக ஐந்தாறு துளைகள் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு துளையிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பின்கள், அவற்றை அழுத்திக்கொண்டு ஒரு ஸ்பிரிங். சாவி இல்லாதபோது மேல் பின் பாதி கூட்டிலும் பாதி உருளையிலுமாகக் குறுக்கே நிற்கும், உருளை திரும்பாது. சரியான சாவி போனதும் அதன் பற்கள் ஒவ்வொரு பின்னையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கும். எல்லாத் துளைகளிலும் இரு பின்கள் சந்திக்கும் இடம் கூட்டுக்கும் உருளைக்கும் நடுவிலுள்ள கோட்டுக்கு நேராக வந்தால் பூட்டு திறக்கும். பழைய எகிப்தின் மரப்பூட்டுகளிலேயே இந்த யோசனை இருந்தது. அதை இன்றைய சிறிய வடிவத்துக்குக் கொண்டுவந்து 1861லும் 1865லும் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான லைனஸ் யேல்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. எந்த இயந்திரமும் ஐந்து துளைகளையும் முழுக்க ஒரே நேர்கோட்டில் போட்டுவிடாது. மயிரிழை விலகத்தான் செய்யும். உருளையை இலேசாகத் திருக்கிப் பிடித்தால் எல்லாப் பின்களும் ஒன்றாக இறுகாமல் ஏதாவது ஒன்று முதலில் இறுகும். அதை மட்டும் தூக்கினால் ஓர் இடத்தில் நின்றுகொள்ளும். பிறகு அடுத்தது இறுகும். பழகிய கைக்குப் பூட்டே தன் இரகசியத்தை ஒவ்வொன்றாக ஒப்புவித்துவிடும்.

செக்யூரிட்டி பின் வருவது இங்கேதான். சாதாரண மேல் பின் நேரான உருண்டைக் கம்பித்துண்டு. இது உடுக்கை மாதிரி இடை சிறுத்திருக்கும். சாவியில்லாமல் திருக்கிப் பிடித்துத் தூக்குகிறவனுக்கு, அந்தச் சிறுத்த இடை நடுக்கோட்டுக்கு வந்ததும் உருளை சட்டென்று கொஞ்சம் திரும்பிக் கொடுக்கும். 'வந்துவிட்டது' என்று கை நம்பும். ஆனால் பின்னின் விளிம்பு கூட்டில் மாட்டிக்கொண்டிருக்கும். மேலும் திருக்கத் திருக்க இறுக்கம்தான் கூடும். விடுவிக்க வேண்டுமானால் பிடியைத் தளர்த்தி உருளையைப் பின்னுக்கு வரவிட வேண்டும். தளர்த்தினால் முன்பு சரியாக நின்றவையும் விழுந்துவிடலாம். குடை விரித்த காளான் வடிவிலும், உடம்பெல்லாம் வரி வெட்டியும்கூட இந்தப் பின்கள் வருகின்றன. வரி வெட்டியது இன்னும் மோசக்காரன். ஒரு பொய்யோடு நிற்காமல் வரிக்கு வரி பொய் சொல்லும். சாவி போடுகிற உங்களுக்கு இது எதுவும் தெரியாது. சாவி எல்லாப் பின்களையும் முதலில் தூக்கி நிறுத்திவிடுகிறது, அதன் பிறகுதான் நீங்கள் திருப்புகிறீர்கள்.

இந்தத் தந்திரம் யேலுக்கும் முந்தியது. இலண்டனில் ஜோசப் பிராமா செய்த பூட்டை, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதிக் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். 1817 வாக்கிலேயே அந்நிறுவனப் பூட்டுகளில் பொய் வெட்டுகள் சேர்க்கப்பட்டன. 1851இல் இலண்டன் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் அந்தப் பந்தயப் பூட்டையும் திறந்தார். ஆனால் 16 நாட்களில் பரந்த ஏறத்தாழ 51 மணி நேரம் ஆனது. என் கணக்கில் அது பூட்டுக்குத் தோல்வியே இல்லை. உங்கள் வாசலில் உட்கார்ந்து எந்தத் திருடன் 51 மணி நேரம் செலவழிப்பான்? பூட்டு என்பது நேரம் வாங்கித் தரும் பொருள். செக்யூரிட்டி பின் அந்த நேரத்தைக் கூட்டுகிறது, அவ்வளவே.

அத்தை சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு கைவேலை; பெரும்பாலும் லீவர் வகை. அதில் பின்களுக்குப் பதில் தகடுகள். ஒவ்வொரு தகட்டையும் அதனதன் உயரத்துக்குச் சாவி தூக்கினால்தான் நாக்கு நகரும். தகட்டிலும் பொய் வெட்டு போட முடியும். எத்தனை லீவர் என்று கேட்டு வாங்குங்கள், கூடக்கூட நல்லது. ஆனால் தொங்கு பூட்டு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், அது தொங்கும் கொண்டியும் நாதாங்கியும் நாலு சின்னத் திருகாணியில் நிற்கிறதென்றால், திருடன் பூட்டைத் தொடவே வேண்டாம்.

உண்மையில் வீடு புகுகிறவர்களில் கம்பி விட்டுப் பூட்டைத் திறப்பவர் குறைவு; கடப்பாரை வைத்து நெம்புகிறவர்களே அதிகம். பெரும்பாலும் முன்கதவையும் அல்ல, அடுக்களைப் புறத்துக் கதவை. முன்கதவில் விலையுயர்ந்த பூட்டு, பின்கதவில் ஒற்றைத் தாழ்ப்பாள் என்றிருக்கும் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே முதல் செலவு பின்கதவுக்கு. அடுத்தது, பூட்டின் நாக்கு போய் உட்காரும் இரும்புத் தகட்டை நிலையின் மரத்துக்குள் ஆழமாக இறங்கும் நீளத் திருகாணிகளால் முடுக்கச் சொல்லுங்கள். சிலிண்டர் கதவின் முகத்தகட்டைவிட வெளியே துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. துருத்தினால் குறடால் பிடித்து ஒடித்துவிடலாம். துளைபோட்டுத் திறப்பதைத் தடுக்கக் கடின எஃகுப் பின் வேறு தனியாக உண்டு. பெட்டியில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தால், ஆமாம், செக்யூரிட்டி பின்னுக்கு அந்த விலையைக் கொடுக்கலாம். சத்தமில்லாமல் திறந்து, பூட்டியது பூட்டியபடியே இருக்கப் பொருள் போவதைத்தான் அது தடுக்கும்.

வாங்கியபின் ஒன்று. நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று வேறு. இடை சிறுத்த பின்களிலும் வரிகளிலும் அழுக்கு எளிதாகத் தங்கும். சாவி இறுகினால் தேங்காயெண்ணெய் விடுவது நம் ஊர் வழக்கம். இரண்டு நாள் நன்றாகத் திரும்பும். பிறகு எண்ணெய் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துவைத்துக்கொண்டு பின்களை ஒட்டவைத்துவிடும். கிராஃபைட் தூளை வாங்கிச் சாவித்துவாரத்தில் சிறிது ஊதி, சாவியை நாலைந்து முறை போட்டு எடுங்கள். மழைக்கு முன் ஒரு தடவை, மழை விட்டபின் ஒரு தடவை செய்தால் போதும்.