தீர விசாரிப்பதே மெய்

(உரைநடைப் பாடம்)

கற்றல் நோக்கங்கள்
• நீதிமன்றத்தில் நன்னடத்தை அலுவலர் ஆற்றும் பணியை அறிதல்.
• கண்டது, கேட்டது, விசாரித்து உறுதிசெய்தது ஆகியவற்றைப் பகுத்து எழுதும் திறன் பெறுதல்.
• நீதித்துறை சார்ந்த தமிழ்ச்சொற்களைப் பொருளுணர்ந்து பயன்படுத்துதல்.

நுழையும்முன்

நீதிமன்றம் என்றவுடன் நீதிபதி, வழக்கறிஞர், காவலர் ஆகியோரே நம் நினைவுக்கு வருவர். அவர்களோடு சேர்ந்து பணியாற்றும் மற்றோர் அலுவலரும் உண்டு. அவர் வழக்காடுவதில்லை, தீர்ப்புக் கூறுவதுமில்லை. ஆயினும், அவர் எழுதும் சில பக்க அறிக்கை, குற்றம் செய்த ஓர் இளைஞர் சிறைக்குச் செல்ல வேண்டுமா, மேற்பார்வையின்கீழ் வீடு திரும்பலாமா என்பதை முடிவு செய்ய நீதிபதிக்குத் துணைபுரிகிறது. அவரே நன்னடத்தை அலுவலர். அவர்தம் பணியை இப்பாடத்தில் காண்போம்.

தோற்றம்

அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்னும் காலணி செய்பவர் வாழ்ந்தார். 1841ஆம் ஆண்டு, குடிப்பழக்கத்தால் நீதிமன்றத்திற்குக் கொண்டுவரப்பட்ட ஒருவருக்கு அவர் தாமே முன்வந்து பிணை நின்றார். மூன்று வாரங்கள் கழித்து அம்மனிதர் தெளிந்த முகத்துடன் நீதிமன்றம் வந்தார். நீதிபதி அவரைச் சிறைக்கு அனுப்பாமல், ஒரு சென்ட் அபராதமும் வழக்குச் செலவும் மட்டுமே விதித்தார். 1859இல் மறையும்வரை அகஸ்டஸ் ஏறத்தாழ 2000 பேருக்கு இவ்வாறு துணைநின்றார். கேட்டவர் அனைவருக்கும் அவர் பிணை நிற்கவில்லை. ஒருவருடைய முந்தைய நடத்தை, வயது, சூழல் ஆகியவற்றை விசாரித்தறிந்த பின்னரே முன்வந்தார். அந்த விசாரணையே இன்றைய நன்னடத்தை அலுவலரின் முதற்கடமையாக வளர்ந்துள்ளது.

நம் நாட்டில் சென்னை மாகாணம் 1936ஆம் ஆண்டிலேயே இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. விடுதலைக்குப் பின், 1958ஆம் ஆண்டு நாடாளுமன்றம் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தை நிறைவேற்றியது.

சட்டம் கூறுவது

மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்கள் நீங்கலாக, பிற குற்றங்களைச் செய்த ஒருவரை உடனே தண்டியாமல், நன்னடத்தைப் பிணைமுறி எழுதி வாங்கிக்கொண்டு விடுவிக்க இச்சட்டம் நீதிமன்றத்திற்கு அதிகாரம் அளிக்கிறது. பிணைக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாது. அலுவலரின் மேற்பார்வையில் இருக்குமாறு ஆணையிட்டால், அம்மேற்பார்வைக் காலம் ஓராண்டுக்குக் குறையாது.

இத்தகைய குற்றம் செய்தவர் 21 வயது நிரம்பாதவராயின், சட்டம் இன்னும் கவனம் காட்டுகிறது. அவரைச் சிறைக்கு அனுப்புவதற்கு முன் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையை நீதிமன்றம் கேட்டுப் பெறுதல் வேண்டும். சிறைத்தண்டனையே தகும் என முடிவு செய்தால், அதற்கான காரணத்தை எழுத்தில் பதிவு செய்தலும் வேண்டும்.

18 வயது நிரம்பாதோர்க்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் பொருந்தும். அவர்கள் ‘சட்டத்துடன் முரண்பட்ட சிறார்’ எனக் குறிக்கப்பெறுவர். சிறார் முதன்முறை இளைஞர் நீதிக் குழுமத்தின்முன் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாள்களுக்குள் சமூக விசாரணை அறிக்கை அளிக்கப்பட வேண்டும். அதனை அணியமாக்குபவரும் நன்னடத்தை அலுவலரே.

ஒரு வழக்கு

இப்பணியை விளங்கிக்கொள்ள ஒரு வழக்கைக் கற்பனை செய்துகொள்வோம். மின்பொருள் கிடங்கு ஒன்றில் வேலை செய்த 20 வயது இளைஞர், முதலாளிக்குத் தெரியாமல் செம்புக்கம்பிச் சுருள்கள் சிலவற்றை எடுத்து விற்றுவிட்டார். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது. தண்டனை குறித்து முடிவு செய்யுமுன், நீதிபதி அலுவலரிடம் அறிக்கை கேட்கிறார்.

“தாயின் மருத்துவச் செலவுக்காகவே எடுத்தேன்” என்கிறார் இளைஞர். அலுவலர் அவர் வீட்டிற்குச் செல்கிறார். தாய் நோயுற்றிருப்பது உண்மை. மருந்துச் சீட்டுகளும் உள்ளன. இத்துடன் நிறுத்திக்கொண்டால் அறிக்கை எளிதாக முடிந்துவிடும். ஆனால் அலுவலர் அண்டை வீட்டாரையும் உடன் பணியாற்றியோரையும் சந்திக்கிறார். இளைஞர் பயின்ற பள்ளிக்கும் செல்கிறார். தாய்க்கு அரசு மருத்துவமனையில் கட்டணமின்றிச் சிகிச்சை கிடைப்பது தெரியவருகிறது. கடனுக்கு உண்மையான காரணம் கைப்பேசிச் சூதாட்டம். இதுவரை அவர்மீது வேறு வழக்கு இல்லை; மூன்று ஆண்டுகளாகத் தவறாமல் வேலைக்கு வந்தவர் என்பதும் தெரியவருகிறது.

அலுவலர் எதை எழுதுவார்? சூதாட்டத்தை எழுதினால் இளைஞருக்குத் தீங்கு நேருமோ என்று எண்ணி அதனை மறைக்கலாகாது. சூதாட்டத்தை மட்டும் பெரிதாக்கி, மூன்றாண்டு உழைப்பை விட்டுவிடுதலும் ஆகாது. அவர் இரண்டையும் எழுதுகிறார். கிடங்கு உரிமையாளர் அடைந்த இழப்பையும், “என் பொருளுக்கு ஈடு கிடைக்க வேண்டும்” என்று அவர் கூறியதையும் எழுதுகிறார். குற்றத்தால் இழப்புற்றவரை மறந்து எழுதப்படும் அறிக்கை நடுநிலையானது அன்று.

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம் முதுமொழி. தாம் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது, ஆராய்ந்து உறுதிசெய்தது எது என்று பகுத்துக் காட்டும் அறிக்கையே நீதிபதிக்குப் பயன்படும். இவ்வறிக்கை மந்தணமானது. எனினும், அதன் சாரத்தைக் குற்றம் செய்தவருக்குத் தெரிவிக்கவும், அதன் தொடர்பாகச் சான்று காட்ட அவருக்கு வாய்ப்பளிக்கவும் நீதிமன்றத்தால் இயலும்.

தீர்ப்புக்குப் பின்

நீதிபதி அவ்விளைஞரை ஈராண்டு நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கிறார் எனக் கொள்வோம். மாதந்தோறும் அலுவலரைச் சந்தித்தல், ஒப்புதலின்றி இருப்பிடம் மாற்றாதிருத்தல், கிடங்கு உரிமையாளருக்குத் தவணை முறையில் இழப்பீடு செலுத்துதல் ஆகியன நிபந்தனைகள். அலுவலரின் பணியில் கடினமான பகுதி இங்கேதான் தொடங்குகிறது.

ஏழாம் மாதம் இளைஞர் வரவில்லை. எட்டாம் மாதமும் வரவில்லை. அலுவலர் தேடிச் செல்கிறார். புதிய வேலையில் பகல் முழுதும் விடுப்பு இல்லை என்றும், விடுப்பு எடுத்தால் கூலி போகும், கூலி போனால் தவணை நிற்கும் என்றும் இளைஞர் கூறுகிறார். அலுவலர் அக்கூற்றையும் வேலையிடத்தில் விசாரித்து உறுதிசெய்துகொள்கிறார்.

இப்போது அவர்முன் இரண்டு கடமைகள் நிற்கின்றன. இளைஞருக்கு வழிகாட்டி உதவுதல் ஒன்று. நிபந்தனை மீறப்பட்டதை நீதிமன்றத்திற்குத் தெரிவித்தல் மற்றொன்று. இரக்கத்தால் மீறலை மறைத்தால், அவர்மீது நீதிமன்றம் வைத்த நம்பிக்கை குலையும். காரணம் கேளாமல் மீறலை மட்டும் தெரிவித்தால், திருந்திவரும் ஒருவர் மீண்டும் சிறைவாயிலில் நிற்க நேரிடும். பிணை நிபந்தனையை மீறியவருக்குப் பழைய குற்றத்திற்குரிய தண்டனையை விதிக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு.

சட்டம் இதற்கும் வழி வைத்துள்ளது. பிணை நிபந்தனைகளை மாற்றுமாறு நன்னடத்தை அலுவலரே நீதிமன்றத்திடம் விண்ணப்பிக்கலாம். நம் அலுவலர் மீறலையும் அதன் காரணத்தையும் ஒருங்கே எழுதி, இளைஞரின் வார விடுமுறை நாளில் சந்திப்பு அமையுமாறு வேண்டுகிறார். முடிவு நீதிபதியினுடையது, உண்மையை முழுமையாக முன்வைக்கும் பொறுப்பு அலுவலருடையது.

இளைஞர் தொடர்ந்து நன்னெறியில் நின்று, மேற்பார்வை இனித் தேவையில்லை என்னும் நிலை வந்தால், பிணையை முன்கூட்டியே நீக்குமாறும் அலுவலர் விண்ணப்பிக்கலாம். இவ்வாறு நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கப்பட்டவரை, குற்றத்தீர்ப்பினால் சட்டப்படி விளையும் தகுதியிழப்புச் சாராது என்பதும் குறிப்பிடத்தக்கது. நிபந்தனையை மீறிப் பின்னர்த் தண்டிக்கப்பட்டவருக்கு இச்சலுகை இல்லை.

பணியில் சேர

நன்னடத்தை அலுவலர்கள் சில மாநிலங்களில் சிறைத்துறையின் கீழும், சில மாநிலங்களில் சமூகநலம் சார்ந்த துறைகளின் கீழும் பணியாற்றுகின்றனர். சமூகப்பணி, சமூகவியல், உளவியல், குற்றவியல் ஆகிய படிப்புகள் இப்பணிக்குத் துணைசெய்வன. படிப்போடு வேறொன்றும் வேண்டும். தாய் தந்தையரின் அச்சம், இழந்தவரின் சினம், இளைஞரின் தயக்கம் ஆகிய மூன்றையும் பொறுமையுடன் கேட்கும் செவி வேண்டும். மாணவர்களே, உங்களுள் பலர் பெற்றோரின் பணிமாற்றத்தால் ஊர்தோறும் மொழிதோறும் வாழ்ந்து பழகியவர்கள். அறிமுகமில்லாதவரின் வீட்டு வாயிலில் நின்று, அவர் மொழியில் நலம் கேட்கத் தெரிந்தவர்க்கு இப்பணி நன்கு பொருந்தும்.

சொல்லும் பொருளும்
பிணைமுறி – உறுதி கூறி எழுதித் தரும் பத்திரம்
மந்தணம் – மறைவாகக் காக்கப்பட வேண்டியது
ஈடு – இழப்புக்குச் சமமாகத் தரப்படுவது
நடுநிலை – ஒரு பக்கம் சாயாமை
அணியமாக்குதல் – ஆயத்தம் செய்தல்

இலக்கணக் குறிப்பு
நன்னடத்தை – பண்புத்தொகை (நன்மை + நடத்தை)
தாய் தந்தையர் – உம்மைத்தொகை
விசாரித்து – வினையெச்சம்
நிரம்பாத – எதிர்மறைப் பெயரெச்சம்
தண்டியாமல் – எதிர்மறை வினையெச்சம்

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.
1. குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் நிறைவேற்றப்பட்ட ஆண்டு
(1936 / 1958 / 2015)
2. நன்னடத்தைப் பிணையின் காலம் ________ ஆண்டுகளுக்கு மேற்படாது.
(ஒன்று / இரண்டு / மூன்று)
3. பிணை நிபந்தனைகளை மாற்றும் அதிகாரம் உடையது
(நீதிமன்றம் / காவல்நிலையம் / சிறைச்சாலை)

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. ஜான் அகஸ்டஸ் பிணை நிற்பதற்கு முன் எவற்றை விசாரித்தார்?
2. 21 வயது நிரம்பாதவரைச் சிறைக்கு அனுப்புமுன் நீதிமன்றம் செய்ய வேண்டுவன யாவை?
3. கிடங்கு உரிமையாளரின் கூற்றையும் அலுவலர் அறிக்கையில் சேர்த்தது ஏன்?

இ. பத்து வரிகளில் விடை எழுதுக.
1. சூதாட்டச் செய்தியை அலுவலர் மறைத்திருந்தால் யார் யாருக்கு என்ன விளைந்திருக்கும்? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
2. இளைஞர் இரு மாதங்கள் வராதபோது அலுவலர் எடுத்த முடிவு சரியானதா? ஆராய்க.

ஈ. பிரித்து எழுதுக.
முதற்கடமை, அவ்விளைஞர், நன்னெறி, இச்சட்டம்

செயல்பாடு
உங்கள் வகுப்பில் நூலகப் புத்தகம் ஒன்று காணாமற்போனதாகக் கொள்க. நால்வர் கொண்ட குழுவாக அமர்ந்து, ‘கண்டது’, ‘கேட்டது’, ‘உறுதிசெய்தது’ என்னும் மூன்று தலைப்புகளில் ஒரு பக்க அறிக்கை எழுதுக. யார் மீதும் பழி சுமத்தும் சொற்களைப் பயன்படுத்தலாகாது. எழுதியபின், மற்றொரு குழுவிடம் கொடுத்து, தவறான தலைப்பின்கீழ் அமைந்த தொடர்களை அடிக்கோடிடச் செய்க.