அது தூக்கம் இல்லை, மாப்ள

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஞாயிறு காலை

அன்பு மாப்ள,

உன் அம்மா நேற்று ராத்திரி போன் போட்டாள். மில்லில் முழு நைட் ஷிப்டில் ஸ்பின்னிங் ஃபிரேம் பக்கத்திலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாயாம். யாரோ டிபன் பையிலிருந்து பால்கோவா எடுத்து ஊட்டினார்களாம், அரை மணி நேரத்தில் தெளிந்தாயாம். மேஸ்திரி கேட்டதற்கு, "தூக்கம் கண்ணைக் கட்டிருச்சு" என்றாயாம். உன் அம்மா பால்கோவாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு நீ சொன்ன அந்தப் பொய்தான் விடியும்வரை நெஞ்சை அறுத்தது.

ஊசி போட்டுவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று இரண்டு இட்லியோடு எழுந்து போயிருக்கிறாய். போட்ட இன்சுலின் நீ சாப்பிட்டாயா இல்லையா என்று கேட்காது மாப்ள, அது பாட்டுக்கு வேலையைப் பார்க்கும். அதோடு ராத்திரி முழுக்க ஃபிரேமுக்கு ஃபிரேம் நடை வேறு. 70க்குக் கீழே இறங்கினாலே லோ சுகர். 54க்குக் கீழே போனால் புத்தி தடுமாறிவிடும், பக்கத்தில் சுற்றுவதோ மெஷின்.

ஸ்பின்னிங்கில் ஆயுசில் பாதியைக் கழித்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். டாக்டர்கள் முதலில் வியர்வையைச் சொல்வார்கள். இழை அறாமலிருக்க ஈரம் ஏற்றி வைத்திருக்கும் அந்தப் புழுக்கத்தில் யாருக்குத்தான் வியர்க்காது? அதனால் நீ உன் விரலைப் பார். அறுந்த இழையை எடுத்துச் சேர்ப்பது உனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அது இரண்டு தரம் கை தவறினால், விரல் லேசாக நடுங்கினால், உடனே ஃபிரேமை விட்டுத் தள்ளி வந்து உட்கார். இன்னும் ஒரு சைடு முடித்துவிட்டுப் போகலாம் என்று நிற்காதே.

பால்கோவா நம் ஊர்ப் பெருமைதான். ஆனால் அந்த நேரத்துக்கு அது மருந்தில்லை. பாலின் கொழுப்பு, சர்க்கரை சீக்கிரம் ரத்தத்தில் சேரவிடாமல் இழுத்தடிக்கும். நீ தெளிய அரை மணி நேரம் ஆனதற்கு அதுவும் காரணமாக இருக்கும். மூன்று டீஸ்பூன் சீனியோ, 15 கிராம் குளுக்கோஸ் பவுடரோ தண்ணீரில் கலந்து குடி. 15 நிமிஷம் கழித்து விரலைக் குத்தி சுகர் மிஷினில் பார். ஏறவில்லையென்றால் மறுபடி அதே அளவு. ஏறிய பிறகு பிஸ்கட்டோ கடலைமிட்டாயோ சாப்பிடு. சீனியைக் காகிதத்தில் மடித்துப் பையில் போடாதே, அந்த ஈரத்தில் ஒரு ஷிப்டுக்குள் பிசுபிசுத்துவிடும். மூடி இறுகின சின்ன டப்பா ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், கொடுத்தனுப்புகிறேன். காலையில் தென்காசி ரோட்டில் பைக்கை எடுப்பதற்கு முன்னாலும் ஒருதரம் பார்த்துக்கொள். டாக்டரிடம் போகும்போது உன் ஷிப்ட் அட்டவணையைக் காட்டு. பகல், அரை நைட், முழு நைட் என்று மாறுகிறவனுக்கு ஊசியின் நேரத்தையும் அளவையும் அவர்தான் மாற்றித் தர வேண்டும், நீயாகக் கூட்டிக் குறைக்காதே.

நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108ஐக் கூப்பிட வேண்டும். அது பக்கத்தில் நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? நீ சொன்னால்தானே?

உன் பெரிய மாமாவை நினைக்காமல் என்னால் இதை எழுத முடியவில்லை. அவருக்கும் இதேதான்: வேர்த்துக் கொட்டியது, நாக்கு குழறியது, கால் தள்ளாடியது. குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். வெற்றிலைகூடப் போடாத மனுஷன். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேட்டைத் தாண்டவே இல்லை. மில் சங்கு ஊதினால் எழுந்து உள் அறைக்குப் போய்விடுவார், நீயும் பார்த்திருக்கிறாய். அந்த மில்லை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் வேலை போய்விடுமென்று சர்க்கரையை மறைத்தவர் அவர்தான். ஒரே வீட்டில் சாப்பிட்ட எனக்கே தெரியாது. அதையும் என்னால் இன்னும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

அவரை நினைத்தால் ஒரு மேட்சும் ஞாபகம் வருகிறது. 1999 ஜனவரியில் சேப்பாக்கம் டெஸ்டில் பாகிஸ்தான் நம்மை 12 ரன்னில் ஜெயித்தது. தோற்ற வருத்தத்திலும் நம் ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த மேட்சை நானும் உன் பெரிய மாமாவும் டிவியில் சேர்ந்துதான் பார்த்தோம். பாகிஸ்தான் கேப்டன் வாசிம் அக்ரமுக்கு 1997லேயே சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்திருந்தார்கள். இன்சுலின் போட்டுக்கொண்டே 2003 வரை வேகப்பந்து வீசினார், தன் நோயைப் பற்றி ஊரறியப் பேசினார். அன்றைக்கு இது எனக்குத் தெரிந்திருந்தால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் சொல்லியிருப்பேன். அவரும் வாயைத் திறந்திருப்பாரோ என்னவோ.

மில்லில் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம். நீ வளர்ந்த பிள்ளை, நான் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் நாளைக்கு வேலைக்குப் போனதும் மேஸ்திரியிடமும் பக்கத்து சைடு பார்க்கிறவரிடமும் சொல்லிவிடு. சொல்லக் கூச்சமாக இருந்தால் நான் பஸ் ஏறி வருகிறேன், கேட்டில் நின்று நானே சொல்கிறேன்.

அதிகமாகப் பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. அப்பா போன பிறகு இரண்டு தங்கச்சிகளையும் படிக்க வைத்துக்கொண்டு ஒரு நாளும் முகம் சுளிக்காத பிள்ளை நீ. உன்னைப் போல ஒருத்தன் நம் குடும்பத்தில் யாரும் இல்லை, உன் பெரிய மாமா உட்பட. அடுத்த லீவில் இங்கே வந்துவிடு. அத்தை உனக்கென்று ரசத்துக்குப் புதுசாகப் பொடி இடித்து வைத்திருக்கிறாள், காலையில் எழுப்பாமல் நன்றாகத் தூங்கவிடச் சொல்லியிருக்கிறேன். ஊசியைக் கொண்டு வா, வைக்க ஃபிரிட்ஜில் இடம் ஒதுக்கியாயிற்று.

உன் மாமா